பீலியடியில் கேட்ட மன்னிப்பு

ஹட்டன்,
14.11.1976

அன்பு மகள் நாகலெட்சுமிக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் சாமி புண்ணியத்துல நல்லா இருக்கோம், அங்க கோத்தகிரியில நீ, மாப்பிள்ளை, பேத்தி எல்லாரும் அப்படியே சுகமா இருக்கணும். போன கடிதத்த ஏன் அப்பா எழுதினாருன்னு கேட்டிருந்த, அப்ப சொன்னா நீ அங்க கெடந்து தவிப்பேன்னு மறைச்சோம், இப்ப நல்லபடியா முடிஞ்சதால சொல்றேன்.

நம்ம லயத்துக் கடைசி வீட்டு சிசிலி அக்கா மகன் கஸ்பர், ஆடி மாசம் பீலிக் குழாயில தண்ணி பிடிக்கையில யாரு குடம் முதல்லன்னு பேச்சு முத்தி, குடிச்சிருந்தவன் என்னத் தள்ளிட்டான். கல்லுல விழுந்து வலது மணிக்கட்டு பெசகிப்போச்சு, தேயிலைக் கொழுந்து எடுக்க முடியல, பேனா பிடிக்க முடியல, தலை சீவக்கூட அப்பாவத்தான் கூப்பிடணும். அதவிட அத்தன பேரு பாக்க விழுந்ததுதான் மனசுல நின்னுச்சு. அப்பா பொலிசுல சொன்னாரு, அவன உள்ள போடணும்னு நானும் பிடிவாதமா இருந்தேன். ஆனா இப்பல்லாம் இந்த மாதிரி சண்டை கோட்டுக்குப் போகுமுன்ன, பேசி சமாதானம் பண்ணி வைக்கிற இணக்க சபைக்குப் போகணுமாம், ரெண்டு வீட்டையும் கூப்பிட்டாங்க. பூசி மெழுகி அனுப்பிடுவாங்கன்னு நெனச்சுத்தான் போனேன். சபைத் தலைவர் பென்சன் வாங்குற சிங்கள மாஸ்டர், நல்லா தமிழ் பேசினாரு. இந்த அம்மா பட்ட கஷ்டத்த நீ முழுசா கேளுன்னு கஸ்பர்கிட்ட சொல்லி என்னப் பேசவிட்டாரு. தலை சீவுற கதையச் சொன்னப்ப அவன் குனிஞ்சவன் நிமிரல. பெறகு, என்ன செஞ்சா உங்க மனசு ஆறும்னு என்கிட்ட கேட்டாரு. இத்தன வயசுக்கு என்ன யாரும் அப்படிக் கேட்டதில்ல மகளே. பீலியடியிலேயே எல்லாரு முன்னாலயும் மன்னிப்பு கேக்கணும், கை சரியாகுற வரைக்கும் தண்ணி அவன்தான் தூக்கணும்னேன். சரின்னான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பீலிக்குக் குடிக்காம வந்து, தப்பு என்னுதுதான் சின்னம்மான்னு எல்லாரும் கேக்கச் சொன்னான். மறுநாள்லருந்து விடியக்காலம் குடம் வாசல்ல இருக்கும். மொதல்ல நான் மொகங்குடுக்கல, பெறகு கை எப்படி இருக்குன்னு கேக்க ஆரம்பிச்சான், நானும் தேத்தண்ணி குடுத்தேன். சிசிலி அக்காவும் பழையபடி வந்து போகுது. கை சரியாகி இப்ப கொழுந்தெடுக்க மலைக்குப் போறேன்.

பேத்திக்குக் குளிர்க்காத்து படாமப் பாத்துக்க. மூணு பேரும் நோய் நொடியில்லாம நல்லா இருங்க. முக்கியமான ஒண்ணு, சிசிலி அக்கா குடும்பத்துக்கும் இந்தியாவுக்குப் போகப் பாஸ்போட் வந்திருச்சு, தை மாசம் உங்க பக்கந்தான் வாறாங்க. கஸ்பர் கையில தேயிலைத் தூளும் பேத்திக்குக் கம்பளிச் சட்டையும் குடுத்து விடுறேன். நடந்தத நெனச்சு வாசல்லயே நிறுத்தி வாங்கிக்காத, உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு சோறு போடு.

இப்படிக்கு
உன் அம்மா
அழகம்மா