திரும்பி வரும் கோடி

வெண்ணாற்று வளநாடு உடையவரும், பகைவர் மதில் கடந்த தோளினரும், வேழக்கொடி வேந்தருமாகிய மருதவெளி மன்னர் நெடுவேலாதனார் திருமுன்பு, அவர் தங்கையும் குன்றூர் நாட்டு அரசியுமாகிய அல்லியங்கோதையாரின் ஆணைப்படி, ஓலைநாயகம் சாத்தன் வெண்ணி எழுதும் ஓலை. தங்கள் ஆறு வற்றாதிருக்க, களஞ்சியம் குறையாதிருக்க, குடிகள் நோயின்றி வாழ்க. இவ்வாழ்த்துகள் அரசியார் மனமாரச் சொன்னவை. இனி வருவதில் இனிப்பு இல்லை; பொறுத்தருள்க.

எங்கள் மன்னர் காலமான செய்தி தாங்கள் அறிந்ததே. அறிந்ததே என்று எழுதும்போதே எழுத்தாணி தயங்குகிறது; அறிந்தீர்களா என்பதே எங்களுக்கு இப்போது ஐயம். கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுப் புதுச்சேலையாகிய கோடியை உடன்பிறந்தான் தன் கையாலேயே தோளில் போர்த்துவது இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கம். அது போர்த்தப்படும்வரை அவள் அழுத சேலையை மாற்றுவதில்லை. சடங்கன்று அரசியார் முற்றத்தில் அமர்ந்து கோட்டை வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முறையுள்ள வேறொருவர் போர்த்தட்டுமே என்று புகுந்த வீட்டுப் பெரியவர்கள் மெல்லச் சொன்னார்கள். என் அண்ணன் வந்துகொண்டிருக்கிறார், வழியில் ஆறு பெருகியிருக்கும் என்று அரசியார் மறுத்துவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் தேர் வந்தது. இறங்கியது தாங்கள் அல்ல. ஒரு பட்டுக்கோடியும், ஓர் ஓலையும், அவற்றைச் சுமந்த தங்கள் ஏவலன் கொற்றனும். ஓலையை நானே படித்துக் காட்டினேன். சிறுவயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து தங்கையின் புருவம் கிழிந்ததும், தாயாருக்குத் தெரியாமல் தாங்கள் மஞ்சள் வைத்துக் கட்டியதும் அதில் இருந்தன. அரசியார் அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, அதுவரை அடக்கிவைத்ததை எல்லாம் அழுது தீர்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்கு உடம்புக்கு ஏதுமில்லையே என்று கொற்றனைக் கேட்டார்.

அவன் கள்ளமற்றவன், அவனைத் தண்டிக்க வேண்டாம். மன்னர் நலமே, வேட்டைக்குப் போயிருக்கிறார் தாயே என்றான். அவையில் கேட்டதற்கு விடை சொல்லிக்கொண்டிருந்த பேசும் பொறியாகிய சொற்பாவையிடம், தங்கள் படுக்கையருகே கிடக்கும் நாட்கடமைச் சுவடியையும் சென்ற அறுவடைத் திருநாளில் ஒப்படைத்துவிட்டீர்களாம். அதைப் பெருமையோடு சொன்னான். ஏடுகளைப் படிக்கவும், புதியதைக் கோக்கவும், செய்து முடித்ததை உருவி எறியவும் அதற்கு உரிமை உண்டாம். முன்பெல்லாம் கடமைகள் தேங்கிக் கிடக்குமாம். இப்போது விளக்கேற்றும் முன்பே சுவடி காலியாம். மடையைப் பழுது பார்த்தல், யானைக்கு மருந்து, தங்கைக்குக் கோடி, எல்லாம் ஒரே மூச்சில்! ஊஞ்சல் கதையை எப்போதோ மன்னர் சொல்லிவைத்தாராம். பாவை எதையும் மறக்காதாம். நல்லது, அதுவாவது மறக்காமல் இருக்கிறதே.

அப்படியானால் சாவுச் செய்தி மன்னருக்குத் தெரியுமா என்று அரசியார் கேட்டார். கொற்றன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். சாவோலையைப் பிரித்தது பாவை. கோடிக்கு ஏடு கோத்தது பாவை. தேர் புறப்பட்டதும் முடிந்தது என்று உருவியதும் பாவை. மாலையில் மன்னர் பார்க்கும்போது சுவடியில் ஒன்றும் இருந்திருக்காது என்றான்.

அரசியார் அதற்குமேல் அழவில்லை. அறுவடைத் திருநாளுக்குப் பிறகு பௌர்ணமிதோறும் தங்கள் பெயரால் வந்த ஓலைகளைச் சந்தனப் பேழையிலிருந்து எடுத்துவரச் சொன்னார். நோயில் கிடந்த கணவருக்கு அவற்றைத்தான் படித்துக் காட்டி, என் அண்ணனைப் போல் யாருக்கு வாய்க்கும் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தவர் அவர். எங்கள் மன்னர் அதை நம்பியே கண்ணை மூடினார். முடிவேந்தருக்குப் புத்தி சொல்ல அடியேனுக்குத் தகுதியில்லை. ஆனாலும் வயிறு எரிகிறது, கேட்டுவிடுகிறேன். மடையைப் பாவை பார்க்கட்டும், யானையைப் பாவை பார்க்கட்டும். கூடப் பிறந்தவளையும் அந்தக் கயிற்றிலேயா கோக்க வேண்டும்?

கோடி மடிப்புக் கலையாமல் இவ்வோலையோடு திரும்பி வருகிறது. அந்த ஓலைகளும் வருகின்றன. வேறெவர் கையாலும் கோடி ஏற்க அரசியார் இசையவில்லை. இன்றும் அதே சேலையில்தான் இருக்கிறார்.

இவ்வோலையை முதலில் பிரிப்பதும் பாவையே என்பதை அவர் அறிவார். ஆகவே இறுதிக் கட்டளை அதற்கே உரியது. பாவையே, குன்றூர்த் தங்கை என்று பெயரிட்ட ஏடு இனி அச்சுவடியில் இருக்கலாகாது, உருவிவிடு. மறுமொழி எழுதாதே; நீ நன்றாக எழுதுவாய் என்பதை நாங்கள் பார்த்துவிட்டோம்.

அண்ணன் தாமாக நினைத்துக்கொண்டு வருவாரானால் என்று அரசியார் ஏதோ தொடங்கினார். பிறகு, வேண்டாம், அதை எழுதாதே, எழுதினால் அதுவும் ஓர் ஏடாகிவிடும் என்று நிறுத்திக்கொண்டார். ஆகவே எழுதவில்லை.

அரக்கு உருக்கி முத்திரை பதித்தவர் அரசியாரே. அது என் வேலை. கேட்டும் அவர் என்னிடம் கொடுக்கவில்லை. முத்திரை சற்றுச் சாய்ந்திருக்கும்.