ஒரே ஓவனில் தொங்கிய இரண்டு ரப்பர்கள்

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய காதர் பாய்,

நலம் விசாரிக்க இயலாத இடத்திற்குச் சென்றுவிட்டீர்கள். ஆகையால் நேரே செய்திக்கு வருகிறேன். தோற்றுவிட்டதாக எண்ணி நீங்கள் ஒதுக்கிவைத்த புதிய கலவை தோற்கவில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

படகு எஞ்சின்களுக்கு நம் பட்டறை செய்துகொடுத்த தண்ணீர்க் குழாய்கள் சூட்டில் விறைத்து வெடிக்கத் தொடங்கியபோது, நீங்கள் புதிதாக ஒரு கலவை அரைத்தீர்கள். இயற்கை ரப்பருடன் வெப்பம் தாங்கும் செயற்கை ரப்பரைக் கூட்டினீர்கள். ரப்பர் சூட்டில் கிழடாகாமல் காக்கும் இரசாயனத்தையும் தாராளமாக இட்டீர்கள். 'மருந்து' என்றே அதைச் சொல்வீர்கள். பழைய கலவையில் அது பெயரளவுக்கே இருந்தது.

இரண்டிலும் துண்டுகள் வெட்டி, சோதனை ஓவனுக்குள் அருகருகே தொங்கவிட்டோம். "ரெண்டும் ஒண்ணாவே வேவட்டும் கோபாலு. அப்பதான் நியாயம்" என்றீர்கள். மூன்று நாள் கழித்து எடுத்தபோது இரண்டுமே மெத்தென்று வளைந்தன. "பழசே போதும்பா. புதுசுக்கு எதுக்கு வீண் செலவு?" என்று சிரித்தீர்கள், ஆனால் அதன்பின் நீங்கள் வேறு கலவை எதையும் அரைக்கவில்லை. ஓவனில் நன்றாக இருப்பது படகில் ஏன் வெடிக்கிறது? கடைசிவரை அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்?

சென்ற ஜனவரி 28, புதன்கிழமை, தேங்காய்த்திட்டு அஞ்சப்பன் வெடித்த குழாயொன்றை உங்கள் மகள் மும்தாஜின் மேசைமீது போட்டார். "பாய் பேருக்காகத்தாம்மா வாங்கினேன். நடுக்கடல்ல எஞ்சினு சூடாயி நின்னுபோச்சு. இனிமே கடலூர்ல வாங்கிக்கறேன்" என்றார். அவர் போனால் மற்றப் படகுக்காரர்களும் போவார்கள். பிறகு பட்டறையை மூட வேண்டியதுதான்.

"ஒருதடவ ரெண்டையும் திரும்பப் பாத்துடலாம் மாமா. அப்புறம் பூட்டிடறேன்" என்றாள் மும்தாஜ்.

ஓவனில் துண்டுகளைத் தொங்கவிடும் கம்பிகளில் ஒன்று துருப்பிடித்து உடைந்திருந்தது. ஒரு சமயத்தில் ஒரு கலவைக்குத்தான் இடம். வெவ்வேறு தேதிகளில் செய்யும் சோதனைகளை ஒப்பிடுவது முறையன்று என நான் ஆட்சேபித்தேன்.

"தேதியக் கட்டிக்கிட்டு அழுவாதீங்க மாமா. எடுத்து வளைச்சுப் பாருங்க."

பிப்ரவரி 2, திங்கட்கிழமை உள்ளே சென்ற பழைய கலவை, வியாழனன்று என் விரல்களுக்கிடையே அப்பளம்போல் முறிந்தது. மறு திங்களன்று உள்ளே சென்ற புதியது, 12ஆம் தேதி வெளியே வந்தபோது மும்தாஜ் அதை முடிச்சே போட்டுவிட்டாள்.

அப்போதுதான் விளங்கிற்று. மூடிய ஓவனுக்குள் புதியதன் மருந்து ஆவியாகிப் பக்கத்தில் தொங்கிய பழையதிலும் இறங்கியிருக்கிறது, அதையும் காப்பாற்றியிருக்கிறது. கடலில் பழையதற்கு அந்தத் துணை ஏது?

"புதுசு போட்ட சோத்துலதான் பழசு உசுரோட இருந்திருக்கு! அத்தாகிட்ட சொல்ல முடியலியே மாமா" என்று சிரித்தவள், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அதனால்தான் நான் சொல்கிறேன், பாய். நியாயம் பார்த்ததுதான் நம்மை ஏமாற்றியது. அதற்காக உங்கள் நியாயத்தை நான் குறைசொல்வேனா?

உங்கள் கலவையில் புதுக்குழாய் செய்து நேற்று அஞ்சப்பனிடம் கொண்டுபோனோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ்ளோ நம்பிக்கன்னா நீங்களும் படகுல வாங்க சார். வெடிச்சா ஒண்ணா நீந்தி வந்துடலாம்!" துறைமுகமே சிரித்தது.

வருகிற திங்கட்கிழமை, பதினாறாம் தேதி, அவர் படகில் எஞ்சினுக்கு அருகிலேயே உட்கார்ந்து போய்வருவேன் என்று உங்களுக்கு வாக்களிக்கிறேன். எனக்கு நீந்தத் தெரியாது, பாய். உங்கள் ரப்பரை நம்பித்தான் ஏறுகிறேன்.

உங்களோடு வாதாடியே வளர்ந்த தம்பி,
கோபாலன்
சாரம், புதுச்சேரி
14-2-2026, சனிக்கிழமை