பால் காய்ச்சிய அடுப்பு

திருத்தணி
புரட்டாசி 3, 1974

இளங்கோவனுக்கு,

என் அக்கா அம்சாவைக் கொன்றது உன் டாக்டர். நலமா என்று கேட்க வேண்டிய இடத்தில் இதைத்தான் எழுத முடிகிறது. பம்பாயில் உனக்கு மில் வேலை கிடைத்துவிட்டது என்று உன் தங்கை வசந்தி சொன்னாள். சந்தோஷம். இங்கே அக்கா பெற்ற பிள்ளைக்கு அடுத்த வீட்டுச் சின்னம்மாள்தான் பால் கொடுக்கிறாள்.

மலையேறும் காவடிக்காரர்களுக்கு ஆடிக் கிருத்திகை அன்று வாசலில் பால் காய்ச்சிக் கொடுப்பது டாக்டரின் வேண்டுதல். கத்தரி, ஊசியெல்லாம் கொதிக்க வைக்கும் மண்ணெண்ணெய் அடுப்பை நீதான் வெளியே தூக்கி வந்தாய். நீ கம்பவுண்டராக இருந்த அந்த நர்சிங் ஹோமில் இருந்தது அது ஒன்றுதான். உள்ளே அக்காவுக்கு வலி எடுத்திருந்தது. "சாமானெல்லாம் எதுல சார் கொதிக்க வைக்கறது?" என்று கேட்டாய். "டெட்டால்ல முக்கி எடுடா, முருகன் பாத்துப்பான்" என்றார். அதன் அர்த்தம் தெரியாமல் நான் அந்தப் பாலில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ஒருவனுக்குச் சீழ்க்கட்டி அறுத்த கத்தரியால்தான் அக்காவுக்கு வெட்டித் தையல் போட்டார் என்று சுடுகாட்டில் அழுதுகொண்டே சொன்னவன் நீ. மறுநாளே ரயிலேறிவிட்டாய்.

அக்காவுக்குக் குளிர் காய்ச்சல் வந்தபோதே அறையெல்லாம் சீழ் நாற்றம். மதராஸுக்குக் கொண்டுபோகும் வழியில், அரக்கோணம் பிளாட்பாரத்தில் போய்விட்டாள். டாக்டர் ஊரெல்லாம் என்ன சொல்கிறார் தெரியுமா? "பச்ச ஒடம்புக்காரிக்கு மோர்சோறு போட்டா ஜன்னி வராம இன்னா பண்ணும்?"

மோர்சோறு போட்டது அம்மா. மகள் ஆசையாகக் கேட்டாள் என்று ஒரு வாய் ஊட்டினாள். இப்போது "நானே கொன்னுட்டேண்டா" என்று தறிக்குழி ஓரம் படுத்தே கிடக்கிறாள். முதலில் மோரைத் தொடவில்லை, இப்போது சோற்றையும் தொடுவதில்லை. கத்தரியைப் பற்றிச் சொன்னேன். "பால் ஊத்துற மகராசன் மேல பழி போடாதடா" என்று என்னையே திட்டுகிறாள்.

டாக்டர் வீட்டுக் கண்ணாடியைக் கல்லால் உடைத்தேன். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு நாள் உட்கார வைத்தார்கள். அது எனக்குப் போதவில்லை. அந்த ஆள் தெருவில் நின்று அம்மா காலில் விழ வேண்டும். அடுத்த கிருத்திகைக்கு அந்த அடுப்பு வாசலுக்கு வரும்போது, பாலுக்கு ஒருத்தனும் கை நீட்டக் கூடாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் அம்மா பிழைக்க வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டாள். கூடவே இருந்தவன் சொன்னால் நம்புவாள்.

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை.

உன் மனைவிக்கு இது ஏழாம் மாதமாம். நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும், மனசாரச் சொல்கிறேன். கத்தரியைக் கொதிக்க வைத்தீர்களா என்று அங்கே நீ கேட்பாய், எனக்குத் தெரியும்.

வா. வந்து அம்மா எதிரில் உட்கார்ந்து, அது எந்தக் கத்தரி என்று உன் வாயால் சொல்.

கஜபதி