மல்லாந்து படுத்திருக்கிற போட்டோ

பாலவனத்தம்
12.2.1994

கர்த்தருக்குள் பிரியமான மகன் ரூபனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தைப் பற்றி நீ எழுதுவதைத்தான் இனி அப்படியே நம்புவதாக இல்லை.

விண்வெளிக்குப் போகிறவர்கள் முன்னால் இருக்கிற முள் மீட்டர்களை எடுத்துவிட்டு டி.வி. மாதிரித் திரை வைக்கிறார்கள், அதில் எந்த எண் எங்கே தெரிய வேண்டும், என்ன நிறத்தில் என்று வரைவதுதான் என் வேலை என்று எழுதியிருந்தாய், மேசை வேலைதானே என்று நானும் நிம்மதியாக இருந்தேன். இப்போது வந்த போட்டோவில் மல்லாந்து படுத்திருக்கிறாய், கால் மேலே இருக்கிறது, தோளிலும் இடுப்பிலும் வார் போட்டு இறுக்கியிருக்கிறது, கையில் தடித்த உறை வேறு. படம் வரைகிறவனுக்கு வார் எதற்கடா? இது மாதிரிக்குச் செய்த மரக்கூண்டு, கிளம்பும்போது அவர்கள் இப்படித்தான் படுத்திருப்பார்கள், எண் கண்ணுக்குத் தெரிகிறதா, உறை போட்ட விரலுக்குப் பொத்தான் எட்டுகிறதா என்று படுத்துப் பார்த்தேன் என்கிறாய். அப்பாவும் உன் கட்சிதான், "டெய்லரு தச்ச சட்டைய அளவு பாக்க மாட்டானாக்கும்?" என்கிறார்கள். எந்த டெய்லர் அடுத்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டி போட்டோ எடுக்கிறான்? அருப்புக்கோட்டைப் பெண் ஈவாவைப் பேசி முடிக்கலாமா என்று கேட்டதற்கும் ஒரு வருடம் போகட்டும் என்கிறாய், அந்த ஒரு வருடத்தில் என்ன ஒளித்து வைத்திருக்கிறாய்? எட்டு வருடத்துக்கு முன் அங்கே விண்வெளி ஓடம் ஒன்று ஏழு பேரோடு வெடித்ததே, அதில் ஒரு டீச்சரம்மாவும் இருந்தார்கள். சாக்பீஸ் பிடித்தவரையே ஏற்றினவர்கள் உன்னை விட்டுவைப்பார்களா?

மனசு கேட்காமல், நீ மேலே போகப்போகிறாய் என்று போதகரிடம் சொல்லி, தனியாக ஜெபிக்கக் கேட்டேன். அவரோ ஞாயிறு ஆராதனையில், நம் சபைப் பிள்ளை ரூபன் ஆகாயத்துக்குப் போகிறார் என்று மைக்கில் சொல்லிவிட்டார். இப்போது ஊரே வீட்டுக்கு வருகிறது. பால் ஊற்றுகிற குருவம்மாள் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மேல போற புள்ள, நம்ம கம்மாய்க்குத் தண்ணி எங்கன அடைபட்டுக் கெடக்குன்னு பாத்துச் சொல்லட்டும்த்தா" என்கிறாள். அப்பா டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார்கள்.

நீ போகவில்லை என்றால், உன் பதில் வந்த ஞாயிறே நான் சபையில் எழுந்து நின்று, நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும் ரூபா, எனக்கு அந்த அவமானம் வேண்டும். சீக்கிரம் எழுதி என்னைப் பொய்க்காரி ஆக்கு.

அந்த இடத்தில் படுக்கப்போகிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் ஜெபிக்கிறேன், எண்களைப் பெரிதாகப் போடு. கர்த்தர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. அடுத்த போட்டோவில் நீ நிற்க வேண்டும், இரண்டு காலும் தரையில் தெரிய வேண்டும்.

உன் அம்மா,
ஞானப்பூ