முனையில் எழுப்பிய செங்குத்து

நவம்பர் 4, திங்கள்

வடிவியல் தேர்வு. கடைசிக் கேள்வியில் கோடு தாளின் ஓரத்தோடு முடிகிறது. அந்த முனையில் செங்குத்து வரைய வேண்டும், காரணமும் எழுத வேண்டும். கோட்டை நீட்ட இடமில்லை, புத்தக முறை அங்கே செல்லாது. மேலே ஒரு புள்ளியில் கவராயத்தை ஊன்றி, முனை வழியாக வட்டம் போட்டேன். வட்டம் கோட்டை இன்னோர் இடத்திலும் வெட்டியது. அங்கிருந்து விட்டம் இழுத்து, அதன் மறுமுனையைக் கோட்டின் முனையோடு சேர்த்தேன். செங்குத்து! காரணம் எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டது. போகட்டும். சந்தோஷத்தில் துறைமுகம் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 7

பூஜ்ஜியம்.

கணக்கு எடுக்கும் கரவியாஸ் சார் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "பக்கத்துல உக்காந்தா கண்ணும் பக்கத்துலயே போகணுமா, தெக்லா?"

என் பக்கத்து ஸ்ட்ராதிஸும் அதே வட்டம், அதே விட்டம் போட்டிருக்கிறான். அவனுக்கு இருபதுக்கு இருபது. காரணம் எழுதாமலேயே! அவன் வகுப்பில் முதல் மாணவன். நான் போன வருடம் பதினொன்று வாங்கியவள். ஆக, திருடி நான்தான். இதுதான் நிரூபணமா? "படிப்படியா வாங்க, தாவாதீங்க" என்று தினமும் கத்துகிற மனிதர், என் விஷயத்தில் மட்டும் ஒரே தாவலில் முடிவுக்கு வந்துவிட்டார்.

ஸ்ட்ராதிஸ் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். சீவினதையே சீவினான்.

நவம்பர் 8

இடைவேளையில் அவனைப் பிடித்தேன். "என் தாளைப் பாத்துதான் நீ போட்டேன்னு சார்கிட்ட சொல்லு."

"சொன்னா அப்பா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டார். உனக்கென்ன தெக்லா, நீ எப்பவும் கம்மிதானே வாங்குவ?"

கம்மிதானே! கையில் இருந்த எள்ளு ரொட்டியை அவன் முகத்தில் எறிந்தேன். அதுதான் என் காலைச் சாப்பாடும். வயிறு கத்தக் கத்த வேதியியல் பாடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் அம்மாவின் முடிதிருத்தும் கடைக்குப் போய்க் கொட்டித் தீர்த்தேன். அம்மா யாருக்கோ சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"நான் வந்து பேசவா?"

"வேணாம்."

"அப்ப நீயே போய்ப் பேசு. இங்க கத்தினா எனக்குக் கை தடுமாறுது, பாவம், இந்தம்மா காதெல்லாம் கறுப்பாயிடுச்சு."

நவம்பர் 11

எழுந்து நின்றேன். "சார், எங்க ரெண்டு பேரையும் பலகைக்குக் கூப்பிடுங்க. அது ஏன் செங்கோணம்னு யார் சொல்றாங்கன்னு பாருங்க."

முதலில் ஸ்ட்ராதிஸ். அழகாக வரைந்தான். "ஏன் செங்கோணம்?" என்றார் சார்.

"பாத்தாலே தெரியுதே சார்."

பின்வரிசை சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

அப்புறம் நான். வட்ட மையத்திலிருந்து கோட்டின் முனைக்கு ஒரு ஆரம் இழுத்தேன். விட்டமும் முனையும் சேர்ந்த பெரிய முக்கோணம் இரண்டு இருசமபக்க முக்கோணங்களாகப் பிரிந்தது. ஒவ்வொன்றிலும் அடிக்கோணங்கள் சமம். ஆக, முனையில் இருக்கும் கோணம் மற்ற இரண்டு கோணங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். மூன்றும் சேர்ந்தால் நூற்றெண்பது. முனையில் அதில் பாதி.

சார் என் படத்தின் கோணங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். "சரி. உக்காரு."

சரியா? அவ்வளவுதானா?

நவம்பர் 12

இன்று ஸ்ட்ராதிஸ் தானாகவே எழுந்து, "சார், நான்தான் அவளைப் பாத்து வரைஞ்சேன்" என்றான். முகம் வெளிறியிருந்தது. சார் அவன் தோளில் தட்டி, "இதுக்குத் தைரியம் வேணும்" என்றார். வகுப்பே கைதட்டியது.

கைதட்டல்! அவனுக்கு! நேற்று என் நிரூபணத்துக்கு ஒரு விரல்கூட அசையவில்லை. எடுத்தவன் திருப்பிக் கொடுத்தால் தியாகியாம். பறிகொடுத்தவள்?

எனக்கு மதிப்பெண்ணைத் திருத்திப் போட்டார். பதினெட்டு. காரணம் எழுதாததற்கு இரண்டு குறைத்தாராம். அது நியாயம், அதில் சண்டை இல்லை. ஆனால் மதிப்பெண்ணுக்காகவா நான் ஐந்து நாளாக வெந்துகொண்டிருந்தேன்?

மணி அடித்ததும் அவர் மேசைக்குப் போனேன். "நீங்க என்கிட்ட மன்னிப்புக் கேக்கல, சார்."

கண்ணாடியைக் கழற்றினார். "தப்புதான், தெக்லா. மன்னிச்சிடு."

"நீங்க என்னைச் சொன்னது இப்படித் தனியா இல்லையே, சார்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதிகமாகப் பேசிவிட்டேனோ? இல்லை. இல்லவே இல்லை.

நவம்பர் 14

மன்னிப்புக் கேட்டார். எல்லார் முன்னாலும், நின்றுகொண்டு, என் பெயரைச் சொல்லி. பிறகு சாக்பீஸை எடுத்து இணைகோடுகள் நடத்த ஆரம்பித்தார். முதல் கோடு கோணலாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டார்.