புறாக்களைத் திறந்துவிடப் பணித்து அகல்வாய் ஏரிக்கரையிலிருந்து எழுதிய ஓலை

தண்பொறை நாடு தழைக்க. குமிழியாறு தன் கரைக்குள் நடக்க. கோப்பெருந்தேவியாரின் குடைநிழல் குறையாதிருக்க.

கற்சிறைக் கோட்டையின் தலைவரும், வடவெல்லைப் போரில் தேவியாரின் கொடி தாழாமல் காத்தவருமாகிய மாகீரனாருக்கு, அகல்வாய் ஏரியின் நீர்க்காவல் அதிகாரி அல்லியங்கோதை வணங்கி எழுதுவது. தங்களுக்கும், தங்கள் வீரருக்கும், மேலேரி உடைந்தபின் தங்கள் கோட்டையில் தஞ்சம் புகுந்த மேற்றுறை மக்களுக்கும் நலம் உண்டாகுக.

தங்கள் மறுவோலை இன்று காலை கிடைத்தது. கீழ்த்துறையில் பறித்துக் கோட்டைக் களஞ்சியத்தில் அடைத்திருக்கும் புறாக்களைத் தேவியாரின் ஆணையின்றி விடுவிக்க இயலாது என்று எழுதியிருக்கிறீர்கள். தேவியாருக்கு ஓலை விடுத்திருக்கிறேன். குதிரை போகும் வழியெல்லாம் நீர். மறுமொழி வரும்வரை கரை தாங்காது.

கரையின் நிலை இது. நேற்றுவரை கசிவு தெளிந்த நீராக வந்தது. இன்று மண் கலந்து வருகிறது. மண் கலந்தால் உள்ளே கரை அரிபடுகிறது என்று பொருள். மேலேரியின் வெள்ளம் முழுவதும் இப்போது இங்கே நிற்கிறது. பொழுது சாயும்வரை கரை தாங்கலாம். அதற்குமேல் என்னால் உறுதி சொல்ல முடியாது. கரைக்குக் கீழே கீழ்த்துறை இருக்கிறது. அங்கே அடுப்புகள் எரிகின்றன. ஒருவரும் மேட்டுக்கு ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். தேவியாரின் தம்பி இறந்தார் என்று பொய்ச்செய்தி பரவிக் கடைத்தெருவில் கலகம் மூண்டபோது, செய்தி சுமக்கும் வீட்டுப் புறாக்கள் அனைத்தையும் பறித்து அடைக்க ஆணை பிறந்தது. அதன்பின் மக்கள் கூரையில் துணி உலர்த்திப் பேசினார்கள். மஞ்சள் துணி என்றால் பிள்ளை பிறந்தது. கவிழ்த்த பானை என்றால் சாவு. அதையும் நம் வீரர் கண்டுபிடித்துத் தடுத்தார்கள். பிறகு அரண்மனை முரசு ஒன்றே செய்தி சொல்லிற்று. துறைமுகத்தில் நோய் இல்லை என்று முரசு அறைந்தது. நோய் இருந்தது. நெல் நிறைய உண்டு என்று அறைந்தது. நெல் இல்லை. ஆகவே மக்கள் முரசைத் தலைகீழாகக் கேட்கப் பழகினார்கள். இல்லை என்றால் உண்டு, உண்டு என்றால் இல்லை. அப்படிக் கேட்டவர்கள் நோய்க்கு முன்பே கதவடைத்தார்கள், பஞ்சத்துக்கு முன்பே நெல் வாங்கினார்கள், பிழைத்தார்கள். அந்தப் பழக்கம் அவர்களைக் காத்தது. அதனாலேயே அதை விட மறுக்கிறார்கள்.

மேலேரி உடையுமுன் மேற்றுறையில் நாம் அறைந்த முரசு மெய்யைத்தான் சொன்னது. வெள்ளம் வருகிறது, வீட்டை விட்டு மேட்டுக்கு ஏறுங்கள் என்றது. "போங்கடான்னு முரசு சொன்னா இருங்கடான்னு அர்த்தம். வீட்டை விட்டா வீரன் உள்ள பூந்து புறா தேடுவான்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, தாழ் போட்டு, தாழுக்குப் பின்னால் உரலையும் உருட்டி வைத்தார்கள். மறுநாள் நான் அந்தக் கதவுகளைப் பார்த்தேன். பல கதவுகளை உள்ளிருந்து திறக்க முயன்றிருக்கிறார்கள்.

தப்பியவருள் ஓடக்காரன் கொற்றனைத் தங்கள் வீரர் இருவர் துணையோடு கீழ்த்துறைக்கு அனுப்பினீர்கள். நானும் உடனிருந்தேன். தன் மனைவியையும் மக்களையும் நீர் கொண்டுபோனதை அவன் சொன்னான். அவன் மைத்துனன் வீரரின் வேல்களைப் பார்த்தான், கொற்றனைப் பார்த்தான். "என்ன மச்சான், அரண்மனைச் சோறு நல்லா இறங்குதா? எந்தங்கச்சி செத்துட்டாள்னு சொல்லச் சொல்லித்தான் போட்டாங்களா?" என்றான். கொற்றன் அவன் காலில் விழுந்து அழுதான். கூட்டத்தில் ஒரு பெண், "அழுகை கூட நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காக" என்றாள். சிலர் சிரித்தார்கள்.

தங்கள் ஓலையில் ஒரு வழி கூறியிருந்தீர்கள். தலைகீழாகக் கேட்பவர்களுக்குத் தலைகீழாகவே சொல்லலாம், அச்சமில்லை, வீட்டிலேயே இருங்கள் என்று முரசறைந்தால் அவர்களே ஓடுவார்கள் என்று. நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். கீழ்த்துறையில் எல்லோரும் ஒரே விதமாகக் கேட்பதில்லை. வெளியூர் வணிகரும், நடக்க மாட்டாத நோயாளரும் முரசு சொன்னபடியே இருந்துவிடுவார்கள். அவர்களை அரசே கட்டிப்போட்டு மூழ்கடித்ததாகும். மற்றவர்களை இன்று பொய்யால் காத்தாலும், அடுத்த வெள்ளத்தில் அவர்களிடம் சொல்ல நமக்கு மெய்யும் இருக்காது, பொய்யும் இருக்காது. ஆகவே அந்த முரசை அறைய நான் உடன்படவில்லை. வேல்முனையில் இழுத்து ஏற்றத் தங்களிடம் ஆளும் போதாது.

அவர்கள் இன்னும் நம்புவது ஒன்றே. புறாவின் காலில் ஓலைநறுக்கைக் கட்டும் நூலுக்கு இந்தத் துறைகளில் வீட்டுக்கு வீடு தனி முடிச்சு உண்டு. மணமாகிப் போகும் பெண் தாய்வீட்டு முடிச்சை உடன் கொண்டுபோவாள். அயலார் அதைப் போட்டால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். கீழ்த்துறையில் பிறந்து மேற்றுறையில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் பலர் தங்கள் கோட்டையில் இருக்கிறார்கள். அவர்களின் தாய்வீட்டுப் புறாக்கள் அதே கோட்டையின் களஞ்சியத்தில் இருக்கின்றன. திறந்துவிட்டால் நேரே வீட்டுக்குப் பறக்கும்.

ஏரிக்கரை உடையும் நாளில் ஏரி முத்திரையே அரச முத்திரை என்பது இந்நாட்டின் பழைய வழக்கம். என்னினும் மூத்தவரும் பெருவீரருமாகிய தங்களுக்கு ஆணையிட எனக்கு நா எழவில்லை. ஆயினும் முத்திரை என் கையில் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

இவ்வோலை கண்ட அளவில் களஞ்சியத்தைத் திறக்க. அப்பெண்கள் கண்டதைத் தம் கையால், தம் சொல்லால் எழுதட்டும். தம் முடிச்சைத் தாமே இடட்டும். அரசின் சொல் ஒன்றும் அதில் சேரலாகாது. எழுதுவதை எவரும் படித்துப் பார்க்கலாகாது. அரசை வைது எழுதினாலும் தடுக்கலாகாது. வைது எழுதினால் இன்னும் விரைவில் நம்புவார்கள். இதனால் வரும் பழியும் தண்டமும் என்னைச் சேரும், தங்களைச் சேரா.

கோட்டை மடைப்பள்ளியில் சில நாளாகப் புறாக்கறி சமைக்கிறார்கள் என்று ஏரிக்காவலர் சொல்லக் கேட்டேன். அது பொய்யாக இருக்க வேண்டுகிறேன். மெய்யாயின், அனுப்பப் புறா ஒன்றும் மிஞ்சவில்லையாயின், மேற்றுறையில் எடுத்து இன்னும் எரியூட்டாமல் வைத்திருக்கும் உடல்களை வண்டிகளில் ஏற்றி, மலைவழியே உச்சிப்பொழுதுக்குள் கீழ்த்துறைக்கு அனுப்புக. கொற்றனின் மனைவி முதல் வண்டியில் இருக்கட்டும். முகங்களை மூட வேண்டா. வண்டியோடு வீரர் வர வேண்டா. முரசும் வேண்டா.

அகல்வாய் ஏரி முத்திரை இட்டு, கரைமேல் நின்று எழுதினேன். இது ஆணை.