யுகினோமினே கொண்டை இறக்கிய நாள்

அன்பு மகள் கனயேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நம் சுமோ மல்யுத்தக் கூடத்துப் பிள்ளைகளும் நலம், அந்த சாவோ பாலோ வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம் என்று சேதி வந்தால்தான் எனக்குத் தூக்கம். அப்பாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, ஆனாலும் மாடியேறும்போது முனகுகிறார், கேட்டால் இல்லை என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு பெற்ற நம் ஒத்கோனுக்குக் கொண்டை அறுக்கும் சடங்கு முடிந்தது. மங்கோலியாவிலிருந்து வந்த புதிதில் சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்து அழுதுகொண்டு, தங்கச்சி, ஆட்டுக்கறி எங்க கெடைக்கும் என்று உன்னைக் கெஞ்சுவானே, அந்தப் பையனா சுமோவின் உச்சப் பட்டமான யோகொசுனா ஆகி, யுகினோமினே என்ற களப்பெயரை நாடே கத்தும்படி செய்தான் என்று எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை. தோள்மூட்டு விலகிய மறுநாளும் களத்துக்குப் போய்க் கோப்பையோடு வந்தவன். ஆனால் இங்கே சொந்தமாகக் கூடம் நடத்த வேண்டும் என்பதற்காக அவன் ஜப்பானியக் குடிமகன் ஆனதும், எனக்குப் பிள்ளையே இல்லைன்னு நெனச்சுக்கறேன் என்று சொல்லிப் போனை வைத்த அவன் அம்மா செவெல்மா அப்புறம் பேசவே இல்லை. சடங்குக்கு டிக்கெட் அனுப்பியிருந்தான், வருவாள் என்று எங்களுக்கு நம்பிக்கையில்லை.

வந்தாள். நீலப் பட்டு அங்கியோடு முன்வரிசையில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் ஒவ்வொருவராக மண்மேடை ஏறி, கத்தரியால் இரண்டு முடி நறுக்கி, அவன் தோளைத் தட்டிவிட்டு இறங்கினார்கள், நாங்கள் பெண்கள்தான் அதில் கால் வைக்கக் கூடாதே. கடைசி வெட்டுக்கு, அவன் குருவான அப்பா கத்தரியை எடுக்கும் நேரத்தில் ஒத்கோன் எழுந்துவிட்டான். கத்தரியை வாங்கிக்கொண்டு கீழே இறங்கி வந்து அந்தப் பெரிய உடம்பை மடக்கி அவள் காலடியில் உட்கார்ந்து, நீ வெட்டாம இது முடியாதும்மா என்றான். அவர்கள் பேசியதை மொழிபெயர்க்க வந்த பெண்தான் என் காதில் சொன்னாள்.

செவெல்மா கத்தரியை வாங்கவில்லை. குனிந்து அவன் உச்சியை மோந்து பார்த்தாள். மூணு வயசுல உன் மொத முடியையும் நான்தான்டா வெட்டினேன், என்னா கத்து கத்தின, இப்ப வாயவே காணோம் என்றாள். பிறகு, நீ எந்த நாட்டுக்காரனா வேணா இரு, இது நான் பெத்த தலை என்று சொல்லிவிட்டுத்தான் கத்தரியை வாங்கினாள். எந்தத் தோல்விக்கும் எந்த வலிக்கும் அழாதவன், தோள் குலுங்க அழுதான். இரண்டு முடி நறுக்கியவள் என்னைத் திரும்பிப் பார்த்துக் கத்தரியை நீட்டினாள். நீயும் வா, சோறு போட்டவ நீ என்றாள். நானும் இரண்டு முடி நறுக்கிவிட்டுக் கத்தரியை அப்பாவிடம் கொடுத்தேன் கனயே.

அனுப்பிய கடற்பாசியை ஈரம் படாமல் வை, குழந்தைக்குச் சளி என்றால் ஐஸ் தண்ணீர் கொடுக்காதே. தவறாமல் அப்பாவுக்குப் போன் செய், அவராக எடுத்துப் பேச மாட்டார், நீ கூப்பிடுவாய் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி நிறைவாக வாழ வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஃபுசாயே